தபாலில் வந்த ஹாட் டிஸ்க்: அறிகுறி பார்த்துக் கோளாறு கண்டுபிடிக்கும் வழி

நம் மலையகத்தில் ஹட்டனிலோ பண்டாரவளையிலோ கடையில் ஹாட் டிஸ்க் வாங்கினால், ஏதாவது பிரச்சினை என்றால் மறுநாளே பஸ் ஏறிப் போய்க் கடைக்காரர் முன்னால் வைத்துவிடலாம். ஒன்லைனில் வாங்கிக் கூரியரிலோ தபாலிலோ வருகிற டிஸ்க்குக்கு அந்த வசதி இல்லை. திருப்பி அனுப்ப ஒரு கெடு கொடுப்பார்கள். பல இடங்களில் ஏழு நாள், சில இடங்களில் பதினாலு. யாரோ ஒருவர் கையெழுத்துப் போட்டுப் பார்சலை வாங்கிய அன்றே அந்தக் கெடு ஓட ஆரம்பித்துவிடும்.

ஆகவே கீழே எந்த அறிகுறிக்குப் போனாலும் ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: கெடு முடிவதற்குள் டிஸ்க்கை முழுவதுமாக ஒரு தடவை எழுதிப் படித்துச் சோதிக்க வேண்டும் (எப்படி என்று "இடம் ஏராளமாகக் காட்டுகிறது" என்ற பகுதியில் இருக்கிறது). அதுவரை உங்கள் போட்டோ, வீடியோ எதையும் அதில் மட்டும் வைக்க வேண்டாம். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். விண்டோஸ் 10, 11 இரண்டையும் நினைத்து எழுதியிருக்கிறேன்.

"டெலிவரி ஆகிவிட்டது" என்று காட்டுகிறது, பார்சல் கையில் இல்லை

தோட்டத்து முகவரி என்றால் முதலில் தோட்ட ஆபிஸில் விசாரியுங்கள். பல தோட்டங்களில் இன்னமும் தபால் தோட்ட ஆபிஸ் வழியாகத்தான் லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) வருகிறது. அங்கே ஒருவர் கையெழுத்துப் போட்டு வாங்கி மேசைக்கடியில் வைத்திருப்பார். உங்களுக்குத் தகவல் வரும்போது கெடுவில் பாதி போயிருக்கும். அங்கே இல்லையென்றால் சந்திக் கடை, அதற்கப்புறம் உப தபாலகம்.

அடுத்த தடவைக்கு முகவரியைச் சரியாக எழுதுங்கள். நாம் தோட்டத்தைக் கூப்பிடுகிற பெயர் ஒன்று, பதிவில் உள்ள பெயர் வேறு. கூரியர்க்காரருக்குப் பதிவுப் பெயர்தான் தெரியும். தோட்டத்தின் பதிவுப் பெயர், டிவிசன், லயத்தின் எண், பக்கத்து நகரம், அதன் தபால் குறியீடு (ஹட்டனுக்கு 22000, நுவரெலியாவுக்கு 22200, பதுளைக்கு 90000), இரண்டு போன் நம்பர். இரண்டாவது நம்பர் வேண்டும், ஏனென்றால் மலைக்கு இந்தப் பக்கம் சிக்னல் இருந்தால் அந்தப் பக்கம் இருக்காது. என்னைக் கேட்டால், நகரத்தில் தெரிந்த கடை ஒன்றின் முகவரியைக் கொடுப்பது இன்னும் நல்லது. கூரியர் தம்பி போன் எடுத்தால், "தம்பி, ஆபிஸ்ல குடுத்துறாதீங்க, டவுனுக்கு வந்ததும் ஒரு கோல் எடுங்க, நானே வந்து வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவைத்தால் போதும்.

"வழியில் உள்ளது" என்றே பல நாள் நின்றால் வானிலையைப் பாருங்கள். மே முதல் செப்டம்பர் வரை கினிகத்தேனை, ஹட்டன், மஸ்கெலியா பக்கம் மழை. வருடக் கடைசியில் பதுளை, பண்டாரவளைப் பக்கம். மண் சரிந்து பாதை மூடினால் கூரியர் வேன் கீழேயே நின்றுவிடும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது கண்டி, நுவரெலியா, பதுளை மூன்று மாவட்டத்திலும் வீதிகளும் ரயில் பாதையும் அறுந்து கிடந்ததை எல்லாரும் பார்த்தோம். அப்படியான வாரத்தில் கெடுவை நீட்டித் தரச் சொல்லி விற்பனையாளருக்கு எழுத்தில் ஒரு வரி அனுப்பி வையுங்கள். போனில் பேசியது பிறகு கணக்கில் வராது.

வெளிநாட்டிலிருந்து பதிவுத் தபாலில் வருகிறதென்றால் இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் அனுப்பிய நாட்டின் இரண்டு எழுத்து என்று ஒரு பார்சல் இலக்கம் இருக்கும். அந்த அமைப்பில் இல்லாத இலக்கத்தைத் தபாலகத்தில் காட்டிப் பயனில்லை. அது அநேகமாகத் தனியார் கூரியருடையது. கொழும்பில் சுங்கத்தில் நின்றால் வரி கட்டச் சொல்லி அறிவித்தல் வரும். 2024 ஜனவரியிலிருந்து வற் வரியே 18 சதவீதம். விலை, அனுப்பும் செலவு, வரி மூன்றையும் கூட்டிப் பார்த்தால் ஹாட் டிஸ்க்கை வெளிநாட்டிலிருந்து எடுப்பதில் லாபம் அநேகமாக இல்லை. பழுதானால் திருப்பி அனுப்புகிற செலவு வேறு இருக்கிறது.

பெட்டி நசுங்கியிருக்கிறது, அல்லது நனைந்திருக்கிறது

பிரிப்பதற்கு முன் போனில் வீடியோ எடுக்க ஆரம்பியுங்கள். முகவரிச் சீட்டு, ஒட்டிய டேப், மூலைகள், பிறகு வெட்டிப் பிரிப்பது, டிஸ்க்கின் அடியில் உள்ள தொடர் இலக்கம்; எல்லாம் ஒரே வீடியோவில், நிறுத்தாமல். காசைக் கொடுத்துப் பார்சலை வாங்கும் முறையில் காசு கொடுக்கும் முன் பிரிக்க அநேகமாக விடமாட்டார்கள். அதனால் இந்த வீடியோ ஒன்றுதான் உங்கள் பக்கத்துச் சாட்சி.

ஹாட் டிஸ்க் உள்ளே கண்ணாடி அல்லது அலுமினியத் தட்டு சுற்றுகிறது. அதற்கு மேல் மயிரிழையை விட மெல்லிய இடைவெளியில் வாசிக்கும் முனை மிதக்கிறது. நிறுத்தி வைத்திருக்கும்போது முனை ஓரமாக ஒதுங்கிவிடுவதால் சின்ன அடி தாங்கும். ஆனால் வெறும் பாலிதீன் பையில் போட்டு அனுப்பியிருந்தால், டிஸ்க் வேலை செய்தாலும், கீழே சொல்கிற முழுச் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள்.

பனிக் காலத்தில் இன்னொன்று. ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாவில் புல்லில் உறைபனி படிகிற காலையில் வந்த பார்சலை அடுப்பு எரிகிற அறைக்குள் கொண்டுவந்து உடனே செருகாதீர்கள். குளிர்ந்த உலோகத்தில் ஈரம் பூக்கும். பெட்டியோடு இரண்டு மணி நேரம் அறையில் விட்டுவிட்டு எடுங்கள். அநேகமான வெளி ஹாட் டிஸ்க்குகளை 5 முதல் 35 பாகை செல்சியஸ் வரைதான் ஓட்டச் சொல்லியிருக்கிறார்கள்.

"மலையில் காற்று குறைவு, அதனால்தான் ஹாட் டிஸ்க் பழுதாகிறது" என்று சொல்கிற ஆட்களும் உண்டு. முனை காற்றில்தான் மிதக்கிறது என்பது உண்மை. ஆனால் தயாரிப்பாளர்கள் சொல்கிற எல்லை ஏறக்குறைய 3,000 மீட்டர். நுவரெலியா 1,868 மீட்டர்; பிதுருதலாகல உச்சியே 2,524 மீட்டர்தான். விற்பனையாளர் இதைக் காரணமாகச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

செருகினால் லைட்டும் இல்லை, சத்தமும் இல்லை

எது வந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். கைக்குள் அடங்குகிற சின்னது 2.5 அங்குலம், அதற்கு யூஎஸ்பி வயரிலேயே கரண்ட் வரும். புத்தகம் போலப் பெரியது 3.5 அங்குலம், அதற்கு 12 வோல்ட் அடாப்டர் வேறாக வேண்டும். பெரியதை வெறும் யூஎஸ்பியில் செருகிவிட்டு "செத்துப்போய் வந்திருக்கு" என்று சொல்பவர்கள் உண்டு.

அடாப்டரின் பிளக் நம் சுவரில் ஏறாமல் தட்டையான இரண்டு காலோடு வந்தால், ஒழுங்கான மாற்றுப் பிளக் வாங்கிப் போடுங்கள். நம்முடைய பழைய லயங்களில் வட்டப் பின், புதிய வீடுகளில் சதுரப் பின். இரண்டிலும் தட்டைக் காலைத் திணித்தால் ஆடும், பொறி பறக்கும், டிஸ்க் நடுவில் நிற்கும். மாலை நேரத்தில் வோல்டேஜ் இறங்குவதைப் பற்றி அவ்வளவு பயம் வேண்டாம். அடாப்டரில் "100-240" என்று போட்டிருந்தால் அது தாங்கும். பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு: ஓட்டை பொருந்துகிறதே என்று லெப்டொப் அடாப்டரையோ வேறு எதையோ அதில் செருகுவது. லெப்டொப் அடாப்டர் பெரும்பாலும் 19 வோல்ட். டிஸ்க்கின் மின்சுற்றுப் பலகை அங்கேயே முடிந்தது, உத்தரவாதமும் முடிந்தது.

சின்ன டிஸ்க் என்றால் வயரைச் சந்தேகியுங்கள். இந்த டிஸ்க்குகளில் பலவற்றில் இரண்டு துண்டு சேர்ந்த மாதிரி அகலமான, தட்டையான ஓட்டை இருக்கும். அதன் பெரிய பாதியில் பழைய போன் சார்ஜர் வயர் கச்சிதமாக ஏறும், டிஸ்க்கும் சில சமயம் ஓடும். ஆனால் போன் வயர் பல மெலிசானவை. சிலவற்றில் சார்ஜ் ஏறும் கம்பி மட்டும்தான் இருக்கும், டேட்டா கம்பியே கிடையாது. டிஸ்க்கோடு வந்த வயரையே பாவியுங்கள். அது சந்தேகமாக இருந்தால் அதே வகை வயரை யாரிடமாவது இரவல் வாங்கிப் பாருங்கள். பிறகு வேறு போர்ட், அப்புறம் வேறு கணினி. இந்த மூன்றிலும் உயிர் வராவிட்டால் டிஸ்க்தான் பழுது. திறந்து பார்க்காதீர்கள், நேரே கடைசிப் பகுதிக்குப் போங்கள்.

லைட் எரிகிறது, "டிக்... டிக்..." என்று ஒரே சீராகச் சத்தம்

இரண்டு காரணம். ஒன்றைச் சரி செய்யலாம், மற்றதை முடியாது.

சரி செய்யக்கூடியது கரண்ட் பற்றாமை. பழைய யூஎஸ்பி 2 போர்ட் 500 மில்லி ஆம்பியர் தரக் கடமைப்பட்டது, யூஎஸ்பி 3 போர்ட் 900. டிஸ்க் சுற்ற ஆரம்பிக்கும் அந்த முதல் சில விநாடிகளில்தான் அதிகம் இழுக்கும். பற்றாவிட்டால் சுற்ற முயலும், நிற்கும், மறுபடி முயலும். மேசைக் கணினி என்றால் முன்பக்கப் போர்ட்டை விட்டுப் பின்பக்கம், தாய்ப்பலகையிலேயே இருக்கிற போர்ட்டில் செருகுங்கள். லெப்டொப் என்றால் சார்ஜரைப் போட்டுவிட்டு நீல நிற (யூஎஸ்பி 3) போர்ட்டில். நீட்டிப்பு வயரும் சாதாரண யூஎஸ்பி ஹப்பும் வேண்டவே வேண்டாம்.

இதற்குப் பிறகும் டிக் டிக் என்றால் வாசிக்கும் முனை தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் தட்டுகிறது என்று அர்த்தம். உடனே கழற்றுங்கள். தட்டிப் பார்ப்பது, குளிர்சாதனப் பெட்டியில் வைப்பது என்று யாராவது வைத்தியம் சொல்வார்கள். புது டிஸ்க்குக்கு அதெல்லாம் எதற்கு? திருப்பி அனுப்புங்கள்.

லைட் எரிகிறது, உள்ளே சுற்றுவது கையில் தெரிகிறது, கணினியில் காணோம்

அநேகமாக இது கோளாறே இல்லை. ஸ்டார்ட் பட்டனில் வலது கிளிக் செய்து "டிஸ்க் மேனேஜ்மென்ட்" திறவுங்கள். கீழ்ப்பகுதியில் உங்கள் டிஸ்க் ஒரு வரிசையாகத் தெரியும்.

கறுப்புக் கோட்டோடு "அன்அலொகேட்டட்" என்றிருந்தால் அதில் இன்னும் பிரிவே போடவில்லை. "இனிஷியலைஸ்" கேட்டால் "ஜிபிடி" யைத் தெரிந்தெடுங்கள். "எம்பிஆர்" போட்டால் 2 டெராபைட்டுக்கு மேல் உள்ள இடம் வீணாகும். பிறகு கறுப்புக் கோட்டில் வலது கிளிக், "நியூ சிம்பிள் வால்யூம்", முடிவு வரை போங்கள்.

நீலக் கோடு இருக்கிறது, பெயருக்குப் பக்கத்தில் டிரைவ் எழுத்து (E, F போல) இல்லையென்றால், வலது கிளிக் செய்து ஓர் எழுத்து கொடுத்தால் போதும். ஆபிஸ் கணினிகளில் வலையமைப்பு டிரைவ் ஏற்கனவே அந்த எழுத்தைப் பிடித்திருந்தாலும் இப்படி நடக்கும்.

அந்த வரிசையே தெரியாவிட்டால் மேலே சொன்ன வயர், போர்ட் விஷயத்துக்குத் திரும்புங்கள்.

"பாவிக்கும் முன் பார்மட் செய்ய வேண்டும்" என்று கேட்கிறது

புத்தம் புதிது என்றால் தயங்காமல் செய்யலாம். நேற்று வரை நன்றாக ஓடி, இன்று கேட்கிறது என்றால் "கேன்சல்" கொடுத்துக் கழற்றுங்கள். கரண்ட் போன நேரத்தில் எழுதிக்கொண்டிருந்தால் இப்படி ஆகலாம். உள்ளே உள்ளது அநேகமாக அப்படியே இருக்கும். பார்மட் செய்தால் மீட்பது பல மடங்கு கஷ்டம்.

1 டெராபைட் என்று வாங்கினேன், 931 தான் காட்டுகிறது

ஏமாற்று அல்ல. பெட்டியில் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது. 2 டெராபைட் 1.81 என்றும், 4 டெராபைட் 3.63 என்றும் காட்டும். இதற்காகத் திருப்பி அனுப்ப முடியாது.

இடம் ஏராளமாகக் காட்டுகிறது, ஆனால் போட்ட பைல்கள் திறக்கவில்லை

இதுதான் உண்மையான மோசடி. நம் பக்கத்துக்கு இது நிறைய வருகிறது. கல்யாண வீடியோ எடுக்கிற பிள்ளைகள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். அவர்களுக்குத்தான் இடம் வேண்டும், அவர்கள் கையில்தான் சல்லி குறைவு.

"16 டெராபைட், கையடக்கம், அதிவேகம்" என்று விளம்பரம். விலை பெயர் பெற்ற 1 டெராபைட்டை விடக் குறைவு. பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு சின்ன மெமரி கார்ட், அல்லது மலிவுப் பென் டிரைவ் ஒன்றின் பலகை. பாரம் தெரியட்டும் என்று இரும்பு நட்டுகளைப் பசை போட்டு ஒட்டியதும் உண்டு. அதனால் கையில் தூக்கிப் பார்த்து நிச்சயம் சொல்ல முடியாது. ஹாட் டிஸ்க் என்று சொல்லி விற்றது சுற்றுகிற அதிர்வே இல்லாமல் கிடந்தால் மட்டும் கதை அங்கேயே முடிந்தது.

அந்தப் பலகைக்குள் உள்ள மென்பொருள் கணினியிடம் பொய் சொல்கிறது. உண்மையில் 64 ஜிபி இருக்கும், 16 டெராபைட் என்று அறிவிக்கும். நீங்கள் முதல் 64 ஜிபி போடும் வரை எல்லாம் ஒழுங்கு. அதற்கு மேல் போட்டால் சிலது பழையதன் மேலேயே எழுதும், சிலது வாங்கிய டேட்டாவைச் சும்மா கீழே விட்டுவிடும். பைல் பெயர், அளவு, திகதி எல்லாம் பட்டியலில் அழகாக நிற்கும். திறந்தால்தான் உள்ளே ஒன்றுமில்லை என்று தெரியும். மணமக்கள் ஆல்பம் கேட்டு வரும் வரை யாரும் திறந்து பார்ப்பதில்லை, கெடுவும் அதற்குள் போய்விடும்.

வாங்கும் முன்னரே பிடிக்கலாம். உலகில் ஹாட் டிஸ்க் தயாரிப்பவர்கள் இன்று மூன்றே பேர்: சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், டொஷிபா. பெட்டியில் வேறு பெயர் இருந்தாலும் நேர்மையான பொருளென்றால் உள்ளே இவர்களில் ஒருவருடையது இருக்கும். யூஎஸ்பி கரண்டிலேயே ஓடும் 2.5 அங்குல ஹாட் டிஸ்க்கில் பல வருடம் 5 டெராபைட்தான் உச்சம். வெஸ்டர்ன் டிஜிட்டல் 6 டெராபைட் கொண்டுவந்ததே 2024 இல். ஆகவே உள்ளங்கை அளவில் 16, 30, 60 டெராபைட் ஹாட் டிஸ்க் என்று யார் விற்றாலும் பொய். "எஸ்எஸ்டி (சுற்றும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் வகை) என்றால் முடியுமே" என்பார்கள். அத்தனை பெரிய எஸ்எஸ்டி இருக்கிறது, ஆனால் அந்த விலைக்கு அதன் பெட்டியைக்கூட வாங்க முடியாது. கீழே ஐந்து நட்சத்திரம் குவிந்திருந்தாலும் நம்பாதீர்கள். பார்சல் வந்த அன்றே, செருகி அளவைப் பார்த்துவிட்டு நட்சத்திரம் போட்டவர்கள் அவர்கள்.

வந்த பிறகு சோதிக்க எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. லினக்ஸ், மேக் பாவிப்பவர்களுக்கு எஃப்3. வேலை சாதாரணம்தான்: காலி இடம் முழுவதையும் தனக்குத் தெரிந்த டேட்டாவால் நிரப்பும், பிறகு ஒவ்வொன்றாகப் படித்து, எழுதியதுதான் திரும்பி வருகிறதா என்று பார்க்கும். மொழியை ஆங்கிலமாக மாற்றுங்கள், டிஸ்க்கைத் தெரிந்தெடுங்கள், "ஆல் அவைலபிள் ஸ்பேஸ்" என்பதில் விட்டு "ரைட் பிளஸ் வெரிஃபை" அழுத்துங்கள். பிழையில்லாமல் முடிந்தது என்று வந்தால் நல்ல சாமான். "டேட்டா லொஸ்ட்" என்று ஓர் எண்ணோடு வந்தால், அந்தத் திரையை அப்படியே படம் எடுத்து வையுங்கள். திருப்பிக் கேட்க அதைவிட நல்ல ஆதாரம் இல்லை.

நேரம் எடுக்கும். யூஎஸ்பி 3 இல் விநாடிக்கு 100 எம்பி என்று வைத்தாலும் 1 டெராபைட் எழுத மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு, படிக்க அதே அளவு. 2 டெராபைட்டுக்கு இரவு முழுவதும் விடுங்கள். யூஎஸ்பி 2 போர்ட் மட்டும்தான் இருக்கிறதென்றால் 1 டெராபைட்டுக்கே ஏறக்குறைய பதினாறு மணி நேரம். லெப்டொப் தூங்கிவிடாதபடி அமைப்பை மாற்றுங்கள். இடி மின்னல் இருக்கிற நாளில் ஆரம்பிக்காதீர்கள்; ஏப்ரல், ஒக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடியைத் தவிர்த்து இரவில் போடுவதுதான் வசதி. பொறுமை இல்லையென்றால் முதலில் 200 ஜிபி மட்டும் எழுதிப் பாருங்கள். போலிகளில் பெரும்பாலானவை அதற்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். அதில் தப்பினால் மீதியை இரவில் விடலாம்.

போலி என்று தெரிந்தால் சரி செய்ய வழியில்லை. மறுபடி பார்மட் செய்தாலும் அதே பொய்தான். ஏற்கனவே ஏதாவது போட்டிருந்தால் மேலும் எழுதாமல், திறக்கிற பைல்களை மட்டும் வேறு இடத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். விற்பனையாளர் "பாதிக் காசைத் தருகிறேன், சாமானை வைத்துக்கொள்ளுங்கள்" என்பார். ஒத்துக்கொள்ளாதீர்கள், ஒத்துக்கொண்டால் முறைப்பாட்டை அங்கேயே மூடிவிடுவார்கள்.

புதியது என்று விற்றார்கள், பழையது மாதிரி இருக்கிறது

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்து "பவர் ஒன் ஹவர்ஸ்" என்ற வரியைப் பாருங்கள். புதியதென்றால் சுழியம் அல்லது அதற்குப் பக்கத்தில். ஆயிரக்கணக்கில் இருந்தால் எங்கோ ஒரு கண்காணிப்புக் கேமராவில் ஓடிக் களைத்த டிஸ்க்குக்குப் புதுச் சட்டை போட்டிருக்கிறார்கள். அந்த எண்ணை அழித்து விற்பதும் நடக்கிறது. 2025 ஆரம்பத்தில், தரவு மையங்களில் பல்லாயிரம் மணி நேரம் ஓடிய சீகேட் டிஸ்க்குகளின் கணக்கைச் சுழியமாக்கிச் சில வியாபாரிகள் புதியதாக விற்றது ஐரோப்பாவில் வெளியே வந்தது. ஆகவே தொடர் இலக்கத்தைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் போட்டு உத்தரவாதம் எப்போது முடிகிறது என்றும் பாருங்கள். ஏற்கனவே முடிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

அதே திரையில் "ரீஅலொகேட்டட்", "கரன்ட் பென்டிங்", "அன்கரெக்டபிள்" என்று பழுதான இடங்களை எண்ணும் மூன்று வரி இருக்கும். முழுச் சோதனைக்கு முன்னும் பின்னும் பார்க்க வேண்டும். புது டிஸ்க்கில் மூன்றும் சுழியமாக இருக்க வேண்டும். ஒன்று கூடினாலும் நான் வைத்துக்கொள்ள மாட்டேன்.

வேகமே இல்லை

விநாடிக்கு 30, 40 எம்பியில் நின்றால் யூஎஸ்பி 2 இல் ஓடுகிறது. போன் வயரா, கறுப்பு (யூஎஸ்பி 2) போர்ட்டா பாருங்கள். அகலமான பிளக்கைப் பாதி அழுத்தியிருந்தாலும் இப்படித்தான். ஒழுங்கான இணைப்பில் 100க்கு மேல் வர வேண்டும். முதலில் 100க்கு மேல் ஓடி, நிறைய எழுதிய பிறகு 20, 30க்கு இறங்குவது வேறு கதை. இன்றைய 2.5 அங்குல டிஸ்க்குகளில் பல, தடங்களை ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி எழுதுகின்றன. தொடர்ந்து நிரப்பினால் களைக்கும். கொஞ்ச நேரம் சும்மா செருகி விட்டால் மீண்டும் வேகம் வரும். ஆயிரக்கணக்கான சின்னப் போட்டோக்கள் மெதுவாகப் போவதும் சாதாரணமே.

பெரிய பைல் போகவில்லை, டிவியில் தெரியவில்லை, போனில் தெரியவில்லை

"இடம் இருக்கிறது, ஆனால் பைல் பெரிது" என்றால் டிஸ்க் ஃபேட்32 என்ற பழைய பார்மட் முறையில் இருக்கிறது. அதில் ஒரு பைல் 4 ஜிபிக்கு மேல் போகாது. விண்டோஸில் மட்டும் பாவிப்பதானால் என்டிஎஃப்எஸ், மேக்கிலும் எழுத வேண்டுமானால் எக்ஸ்ஃபேட் என்று பார்மட் செய்யுங்கள். மேக் என்டிஎஃப்எஸ்ஸைப் படிக்கும், எழுதாது. எக்ஸ்ஃபேட் கரண்ட் போகிற ஊருக்கு அவ்வளவு ஏற்றதல்ல. நடுவில் நின்றால் என்டிஎஃப்எஸ் அளவுக்குத் தன்னைச் சரி செய்துகொள்ளாது.

டிவி சில சமயம் "பதிவு செய்ய டிஸ்க்கைத் தயார்படுத்தவா?" என்று கேட்கும். ரிமோட்டைப் பிள்ளைகளிடமிருந்து வாங்கி வைத்துவிட்டு "இல்லை" கொடுங்கள். "ஆம்" என்றால் உள்ளே உள்ளதெல்லாம் போகும். போனில் செருகினால் பெரும்பாலான போன்களுக்கு ஹாட் டிஸ்க்கைச் சுற்றும் அளவு கரண்ட் இல்லை. தனியாகக் கரண்ட் வருகிற ஹப் வேண்டும். போனில் உள்ள போட்டோக்களை எடுத்துவைக்கத்தான் டிஸ்க் என்றால், யாருடையதாவது லெப்டொப்பில் ஒரு மணி நேரம் உட்காருவது எளிது.

நடுவில் தானாகக் கழன்று மறுபடி வருகிறது

முதலில் வயர். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் "சிஆர்சி எரர்" எண் ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் வயர் அல்லது இணைப்பில்தான் தவறு. அந்த அகலமான ஓட்டை ஆட ஆரம்பித்தால் வயரை இழுத்து வளைத்து வேலை வாங்காதீர்கள். சில டிஸ்க்குகளில், முக்கியமாக வெஸ்டர்ன் டிஜிட்டலின் சின்ன வகைகளில், யூஎஸ்பி ஓட்டை டிஸ்க்கின் பலகையிலேயே பற்றவைத்திருக்கும். அது உடைந்தால் உள்ளே இருப்பதை எடுத்து வேறு பெட்டியில் போட முடியாது.

வயர் நல்லதென்றால் பவர் அமைப்புகளில் "யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பென்ட்" என்பதை நிறுத்திப் பாருங்கள். கரண்ட் போய் வந்த பிறகு பிழை காட்டினால், முக்கியமானதை முதலில் வெளியே எடுத்துவிட்டு, டிஸ்க்கில் வலது கிளிக், "ப்ராப்பர்ட்டீஸ்", "டூல்ஸ்", "செக்". இந்த வரிசையை மாற்ற வேண்டாம். சோதிக்கிறேன் என்று விண்டோஸ் சில பைல்களை வெட்டிப் போடுவதும் உண்டு.

திருப்பி அனுப்புவது என்று முடிவானால்

முதலில் எழுத்தில் முறைப்பாடு, கெடுவுக்குள். ஆர்டர் இலக்கம், தொடர் இலக்கம், பிரித்த வீடியோ, சோதனைத் திரையின் படம். "வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதினால் "வயரை மாற்றிப் பாருங்கள்" என்று இரண்டு நாளைக் கடத்துவார்கள். எந்த வயர், எந்தப் போர்ட், எத்தனை கணினி என்று நீங்களே முதல் கடிதத்தில் எழுதிவிட்டால் அதற்கு இடமில்லை.

டிஸ்க் ஓடுகிறதென்றால் உங்கள் டேட்டாவை அழித்துவிட்டு அனுப்புங்கள். விண்டோஸில் "குயிக்" டிக்கை எடுத்துவிட்டு முழு பார்மட் செய்தால் போதும். ஓடாத டிஸ்க்கில் அழிக்க முடியாது, அதனால்தான் சோதனை முடியும் வரை அடையாள அட்டைப் படமும் குடும்பப் போட்டோவும் உள்ளே போகக் கூடாது என்றேன். வந்த பெட்டியிலேயே, சுற்றிலும் இரண்டு விரல் தடிப்புக்குக் குமிழ்த் தாள் வைத்து, வெளியே ஒரு பிளாஸ்டிக் உறை போடுங்கள், மழையில் போகிற சாமான். பதிவுத் தபாலிலோ கூரியரிலோ அனுப்பி, பற்றுச்சீட்டைக் காசு கைக்கு வரும் வரை வைத்திருங்கள். அந்தக் கடுதாசியைப் படமும் எடுத்து வையுங்கள், அதில் மை சீக்கிரம் மங்கும்.

உள்நாட்டு விற்பனையாளர் பதில் சொல்லாவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் போகலாம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த அமைப்பு, போன் 1977. பற்றுச்சீட்டு அல்லது ஆர்டர் விபரம் இல்லாமல் அங்கே போவது வீண். விற்றவர் வெளிநாட்டில் என்றால் விற்ற தளத்தின் முறைப்பாட்டுப் பகுதி ஒன்று. கார்டில் கட்டியிருந்தால் உங்கள் வங்கியில் பணத்தைத் திருப்பிக் கேட்கும் படிவம் மற்றது. இரண்டுக்கும் தனித்தனியாக நாள் எல்லை உண்டு, முதலாவது இழுத்தடித்தால் அதற்காகக் காத்திருக்காமல் வங்கிக்குப் போங்கள்.